மர வேஷம் போட்ட கார்

இரும்பில் கார் செய்து, அதன் மேல் மரம் மாதிரி ஸ்டிக்கர் ஒட்டி, ஸ்டிக்கருக்குத் தனியாகக் காசும் வாங்க முடியுமா? முடியும். அமெரிக்காவில் நாற்பது வருஷத்துக்கு மேல் அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். வாங்கினவர்களும் ஏமாளிகள் இல்லை. ஸ்டிக்கர் என்று தெரிந்தே, அந்த ஸ்டிக்கருக்காகவே வாங்கினார்கள்.

இதை நேரில் பார்க்க வேண்டுமென்றால் ஆகஸ்ட் மாசம் மூன்றாவது சனிக்கிழமை டெட்ராய்ட் பக்கம் போக வேண்டும். உட்வர்ட் அவென்யூ என்று ஒரு ரோடு. பெயரில் 'உட்' இருக்கிறதே தவிர, மரத்துக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. அகஸ்டஸ் உட்வர்ட் என்ற ஒரு நீதிபதியின் பெயர். 1909-ல் இந்த ரோட்டில்தான் ஒரு மைல் நீளத்துக்கு கான்க்ரீட் போட்டார்கள். அமெரிக்காவின் முதல் கான்க்ரீட் நெடுஞ்சாலை என்று இன்றைக்கும் பெருமை அடித்துக் கொள்கிறார்கள். 1995-ல் ஃபெர்ன்டேல் என்கிற ஊரில் கால்பந்து மைதானத்துக்கு நிதி திரட்ட, பழைய கார் ஊர்வலம் ஒன்று ஆரம்பித்தார்கள். அது வளர்ந்து வளர்ந்து, ஃபெர்ன்டேலிலிருந்து பான்டியாக் வரைக்கும், இருபத்தைந்து கிலோமீட்டர் தூரத்துக்குக் கார்த் தேரோட்டமாகி விட்டது. பத்து லட்சம் ஜனம், நாற்பதாயிரம் கார் என்று அமைப்பாளர்கள் கணக்குச் சொல்கிறார்கள். நான் எண்ணவில்லை. ஆனால் மறுக்கவும் மாட்டேன்.

2024 ஆகஸ்டில் என்னை அங்கே இழுத்துக் கொண்டு போனவர் மச்சான். என் மனைவியின் அண்ணன். டெட்ராய்ட் புறநகரில், கார்களுக்கு உதிரி பாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை. மிஷிகனில் நம்மவர்கள் கொஞ்ச நஞ்சமில்லை. கான்டன், ட்ராய், நோவை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும், யார் வீட்டிலாவது சாம்பார் தாளிக்கிற வாசனை வரும். எல்லாம் கார் போட்ட சோறு.

"மாப்ளே, காலைல ஆறு மணிக்கே போயிடணும். நாற்காலி போட இடம் கிடைக்காது" என்றார் மச்சான். சரிதான். பதின்மூன்றாம் மைல் ரோடு சந்திக்கிற இடத்தில் நாங்கள் போய்ச் சேரும்போது, பிளாட்பாரத்தில் மடக்கு நாற்காலி, ஐஸ் பெட்டி, பாட்டி, நாய் சகிதம் முதல் வரிசை நிரம்பியிருந்தது. நம் ஊர்த் தேர் பார்க்கத் திண்ணையில் இடம் பிடிக்கிற அதே ஜாதி ஜனங்கள். உட்கார்ந்தபடியே ரோட்டில் போகிற காருக்கெல்லாம் கை தட்டுகிறார்கள்.

முஸ்டாங், கார்வெட், கடிலாக் எல்லாம் உறுமிக் கொண்டு போயின. அழகுதான். ஆனால் கூட்டம் எழுந்து நின்று, வாயெல்லாம் பல்லாகக் கை தட்டியது எதற்குத் தெரியுமா? பின்னால் நீண்டு கொண்டே போகிற, பக்கவாட்டில் ப்ரவுன் கலர் மரப் பட்டை ஒட்டின, கிழட்டு ஸ்டேஷன் வாகனுக்கு! முஸ்டாங்கைப் பார்த்தால் ஆசை வருகிறது. ஸ்டேஷன் வாகனைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக் கொண்டே சிரித்தாள். "எங்கப்பா வண்டி... எங்கப்பா வண்டி" என்று யாரிடமோ சொல்லிக் கொண்டிருந்தாள்.

இந்த மர சமாசாரத்துக்கு ஒரு கதை இருக்கிறது.

ரயில் விட்டு இறங்குகிறவர்களையும் அவர்கள் பெட்டி படுக்கைகளையும் ஸ்டேஷனிலிருந்து ஏற்றிப் போக ஒரு வண்டி தேவைப்பட்டது. ஆரம்பத்தில் குதிரை வண்டி. அப்புறம் மோட்டார் சேஸிஸ் மேல் மரப் பலகையில் கூடு கட்டினார்கள். ஸ்டேஷனுக்குப் போகிற வண்டி, ஸ்டேஷன் வாகன். பெயர்க் காரணம் அவ்வளவுதான். நாமக்கல் பக்கம் லாரி சேஸிஸ் வாங்கி வந்து பாடி கட்டுகிறார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரித் தச்சு வேலை.

1929-ல் ஹென்றி ஃபோர்ட் தன் 'மாடல் ஏ' காரில் கம்பெனி விலைப் பட்டியலிலேயே ஸ்டேஷன் வாகனைச் சேர்த்தார். மரத்துக்கு அவர் யாரிடமும் போய் நிற்கவில்லை. மிஷிகனின் வடக்கே லட்சக்கணக்கான ஏக்கர் காடு வாங்கி, அயர்ன் மௌன்டன் என்ற ஊரில் மர அறுவை ஆலையே வைத்திருந்தார். மேப்பிள் மரத்தில் சட்டம், நடுவே பிர்ச் பலகை. மிச்சம் விழுந்த துண்டு துக்கடாவை என்ன செய்வது? ஃபோர்ட் ஒரு கடைந்தெடுத்த காஸ்ட் அக்கவுன்டன்ட். பி.காம். படித்த எனக்கே பொறாமையாக இருக்கிறது. கழிவு மரத்தைக் கரியாக்கி, வில்லை வில்லையாக அழுத்தி, கார் விற்கிற கடையிலேயே அதையும் விற்றார்! காட்டு நிலம் வாங்கிக் கொடுத்து உதவிய உறவுக்காரர் பெயர் கிங்ஸ்ஃபோர்ட். அந்தக் கரிக்குப் பிற்பாடு அவர் பெயரே நிலைத்தது. அமெரிக்காவில் இன்றைக்கும் கோழி சுடுகிறவர்கள் பை பையாக வாங்குவது 'கிங்ஸ்ஃபோர்ட்' கரிதான். உட்வர்ட் ஓரத்தில் ஒருவர் கறி சுட்டுக் கொண்டிருந்தார். அடுப்புப் பக்கத்தில் அந்தப் பை கிடந்தது. அந்தப் புகைக்கு நடுவே ஒரு மர வண்டி ஊர்ந்து போயிற்று. இருவரும் பங்காளிகள் என்று அங்கே எத்தனை பேருக்குத் தெரியுமோ!

நிஜ மரக் கார் பார்க்க லட்சணம், வைத்திருப்பது அவஸ்தை. வருஷா வருஷம் வார்னிஷ் அடிக்க வேண்டும். மழையில் ஊறும், வெயிலில் சுருங்கும், ஓடும்போது பழைய கட்டில் மாதிரி கிரீச்சிடும். கதவிடுக்கில் காளான் முளைத்தாலும் கேள்வி கேட்பதற்கில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இரும்புத் தகட்டை அழுத்தி எடுக்கிற வித்தை மலிந்து விட்டது. 1946-ல் வில்லிஸ் ஜீப் கம்பெனி முழுக்க இரும்பில் ஸ்டேஷன் வாகன் செய்தது. செய்துவிட்டு, மரம் மாதிரி தெரியப் பெயின்ட் அடித்தது! ஜனங்களுக்கு வாகன் என்றால் மரம் என்று மனசில் பதிந்து விட்டதே. 1953-ல் ப்யூக் கம்பெனி செய்த எஸ்டேட் வாகனோடு, அமெரிக்காவில் நிஜ மரம் தாங்குகிற வாகன்களுக்கு மங்களம் பாடியாயிற்று.

மரம் போச்சு. மர ஆசை போகவில்லை. '3எம்' கம்பெனி 'டை-நாக்' என்று ஒரு வினைல் தாள் செய்தது. ரோஸ்வுட், வால்நட், எது மாதிரி வேண்டுமானாலும் அச்சடித்து ஒட்டலாம். ஃபோர்ட் தன் 'கன்ட்ரி ஸ்கொயர்' வண்டியில் அதை ஒட்டி 1991 வரை ஓட்டியது. கன்ட்ரி ஸ்கொயர் என்றால் கிராமத்து மிராசுதார் என்று வைத்துக் கொள்ளுங்களேன். வாங்கினவர் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தாவாக இருப்பார். வண்டியில் ஏறினால் மிராசுதார்!

1956-ல் நாடு முழுவதும் நெடுஞ்சாலை போடச் சட்டம் வந்தது. வீட்டுக்கு மூன்று நான்கு குழந்தைகள். கோடை லீவு விட்டால் அப்பா, அம்மா, பிள்ளைகள், நாய், மேலே கூரையில் பெட்டிகள் என்று ஆயிரம் மைலுக்குக் கிளம்பி விடுவார்கள். 1957-ல் க்ரைஸ்லர்காரர்கள் கடைசி சீட்டைப் பின்பக்கம் பார்க்கத் திருப்பிப் போட்டார்கள். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அப்பாவுக்கு முதுகைக் காட்டிக் கொண்டு, பின்னால் வருகிற லாரி டிரைவருக்குப் பழிப்புக் காட்டலாம். சீட் பெல்ட்டெல்லாம் யார் போட்டார்கள்? கதவில் மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி ஜாலவித்தை. ஃபோர்டின் பின் கதவு 1966-லிருந்து கீழேயும் திறக்கும், பக்கவாட்டிலும் திறக்கும். 1971-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு படி மேலே போய், கண்ணாடி கூரைக்குள்ளும் கதவு தரைக்கடியிலும் மாயமாகிற மாதிரி செய்தது. எடை இரண்டேகால் டன். பெட்ரோல்? லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுத்தால் முதலாளியின் அதிர்ஷ்டம்.

1973-ல் அரபு நாடுகள் பெட்ரோல் குழாயைத் திருகின. பங்க்கில் மைல் கணக்கில் க்யூ நின்றது. 1975-ல் அமெரிக்க அரசு ஒரு சட்டம் போட்டது. ஒவ்வொரு கம்பெனியும் விற்கிற கார்களின் சராசரி மைலேஜ் 1978-ல் காலனுக்கு 18 மைல் இருக்க வேண்டும், 1985-ல் 27.5 மைலுக்கு உயர வேண்டும். நம் கணக்கில் லிட்டருக்கு ஏழரையிலிருந்து பதினொன்றரைக்கு மேல். பாவம், ஸ்டேஷன் வாகன் என்ன செய்யும்?

இங்கேதான் என் போன்ற காமர்ஸ்காரர்கள் காது விடைக்கிற விஷயம் வருகிறது. சட்டம் கார்களுக்கு ஒரு அளவுகோல் வைத்தது. சின்ன டிரக்குகளுக்குத் தனியாக, தளர்வாக, இன்னொரு அளவுகோல் வைத்தது. டிரக் என்பது விவசாயி ஓட்டுவது, பிழைத்துப் போகட்டும் என்ற தாராளம். கார்க் கம்பெனிகள் யோசித்தன. குடும்பம் போகிற வண்டியை டிரக் என்ற தலைப்பில் எழுதி விட்டால்? 1984 மாடலாக க்ரைஸ்லர் மினிவேன் கொண்டு வந்தது. கணக்கில் அது டிரக்! பின்னாலேயே எஸ்யூவிக்கள் வந்தன. அவையும் டிரக்! செலவைத் தலைப்பு மாற்றி எழுதி லாபம் காட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு தேசத்தின் தெருக்களையே தலைப்பு மாற்றி எழுதினதை இங்கேதான் பார்த்தேன். இதில் வேடிக்கை, அந்த மினிவேனிலும் சில மாடல்களுக்கு மர ஸ்டிக்கர் ஒட்டினார்கள். வாகனைக் கொன்றவன் வாகனின் சட்டையைப் போட்டுக் கொண்டு வந்த மாதிரி.

1983-ல் வந்த 'நேஷனல் லாம்பூன்ஸ் வெக்கேஷன்' சினிமாவில் கன்ட்ரி ஸ்கொயரை விகாரப்படுத்தி, பச்சை பெயின்ட்டும் எக்கச்சக்க மர ஸ்டிக்கரும் ஒட்டி, ஊரே சிரிக்க வைத்தார்கள். அப்பா வண்டி என்றாலே இளவட்டங்கள் ஓட ஆரம்பித்தார்கள். கடைசியாக மிஞ்சிய பெரிய வாகன்கள் ஜெனரல் மோட்டார்ஸுடையவை. 1996 டிசம்பரில் டெக்ஸாஸ் ஆர்லிங்டன் தொழிற்சாலையில் அவற்றையும் நிறுத்தி, அதே இடத்தில் டிரக்கும் எஸ்யூவியும் செய்ய ஆரம்பித்தார்கள்.

வரலாறு போதும். மச்சான் விஷயத்துக்கு வருகிறேன்.

மச்சானுக்கு ஹெச்-1 விசா. க்ரீன் கார்டுக்கு 2015-ல் மனு போட்டது, க்யூவில் நிற்கிறது. பிறந்த நாட்டை வைத்துப் பிரிக்கிற க்யூ. நம் நாட்டு வரிசை அனுமார் வால். வேலை போனால் அறுபது நாள். அதற்குள் வேறு வேலை பார்க்க வேண்டும், இல்லையா மூட்டை கட்ட வேண்டும். அந்த வீட்டில் அமெரிக்கக் குடிமகன் ஒரே ஒருத்தன்தான். அவனுக்கு வயசு ஏழு.

ஆகவே அக்கா, அதாவது மச்சானின் மனைவி, வீட்டுக்கு ஒரு சட்டம் வைத்திருந்தாள். அறுபது நாளில் விற்க முடியாத எதையும் வாங்கக் கூடாது. வீடு வாடகை. கார் லீஸ். சோபா கூட மாச வாடகை! சுவரில் ஆணி அடிப்பதில்லை. வெங்கடாசலபதி படமே ஒட்டுகிற கொக்கியில்தான் தொங்குகிறார்.

அன்றைக்குச் சனிக்கிழமை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஆபீஸில் எல்லோரையும் கூப்பிட்டிருந்தார்கள். மெயிலில் 'மறுசீரமைப்பு' என்று எழுதியிருந்தது. அதற்கு அர்த்தம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த லட்சணத்தில், பார்க்கிங் ஓரமாக நின்ற ஒரு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து கொண்டிருந்தார் மச்சான். 1994 ப்யூக் ரோட்மாஸ்டர் எஸ்டேட். கருஞ்சிவப்பு உடம்பு, இரண்டு பக்கமும் மரம். 5.7 லிட்டர் வி-8 இன்ஜின், 260 குதிரை சக்தி. ஐந்தரை மீட்டர் நீளம். ஒரு மாருதி 800-ஐயும், இன்னொரு மாருதியில் மூன்றில் இரண்டு பங்கையும் வரிசையாக வைத்தால் வருகிற நீளம். நடு சீட்டுக்கு மேலே கூரையில் கண்ணாடி. கடைசி சீட் பின்பக்கம் பார்த்தது. கண்ணாடியில் அட்டை: 'விற்பனைக்கு. 14,000 டாலர்.'

பதினொன்றே முக்கால் லட்சம் ரூபாய் என்று என் வாய் தானாக முணுமுணுத்தது. வெளிநாடு போனால் வருகிற வியாதி.

சொந்தக்காரர் எழுபது தாண்டின பெரியவர். முப்பத்தொரு வருஷம் கார்த் தொழிற்சாலையில் கதவு மாட்டினவராம். "நான் கதவு மாட்டினது இன்னொரு கம்பெனிக்கு. வாங்கினது எதிர்க் கம்பெனி வண்டி. ஆபீஸ் பார்க்கிங்கில் கடைக்கோடியில் நிறுத்தச் சொன்னார்கள். தினமும் அரை மைல் நடந்தேன். உடம்புக்கு நல்லது" என்று சிரித்தார். மூன்று பிள்ளைகளை இந்த வண்டியில்தான் வளர்த்தார். கோடை தவறாமல் மேக்கினா பாலம் தாண்டி வடக்கே பயணம். 1957-ல் கட்டின பாலம், எட்டு கிலோமீட்டர் நீளம். பாலம் ஏறினதும் பின் சீட்டுப் பிள்ளைகள் மூன்றும் மூச்சைப் பிடித்துக் கொண்டு, கரை வரை விடாமலிருக்க முயற்சி பண்ணுமாம். ஒருத்தரும் ஜெயித்ததில்லை. இப்போது பிள்ளைகள் வெவ்வேறு மாநிலங்களில். மனைவி போய் இரண்டு வருஷம்.

மர ஸ்டிக்கரில் டிரைவர் கதவுப் பக்கம் ஒரு ஓரம் உரிந்திருந்தது. மச்சான் அதை விரலால் அழுத்தி ஒட்டப் பார்த்தார். "அது என் மனைவி கை வைக்கிற இடம். அதை மட்டும் மாற்றவில்லை" என்றார் பெரியவர். மச்சான் விரலை எடுத்து விட்டார்.

"உங்களுக்கு எத்தனை குழந்தை?"

"ஒண்ணு."

"இந்த வண்டிக்குப் போதாதே" என்றார் பெரியவர், கவலையாக.

பையன் அதற்குள் பின் கதவு வழியாக ஏறி, திரும்பின சீட்டில் உட்கார்ந்து ரோட்டுக்கு டாட்டா காட்டிக் கொண்டிருந்தான். பெரியவர் ஒரு ரவுண்டு போகலாம் என்றார். மச்சான் முன்னால், நான் நடுவில். அக்கா "நான் வரலை" என்றவள், பையன் தனியாக இருக்கிறானே என்று பின் சீட்டில் ஏறினாள்.

வண்டி ஊர்வலத்தில் நுழைந்தது. ஓடுகிற மாதிரியே இல்லை; மிதந்தது. இரண்டு பக்கமும் ஜனம் எழுந்து நின்று கை தட்டியது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தேன். அக்கா இரண்டு கையாலும் கூட்டத்துக்கு டாட்டா காட்டிக் கொண்டிருந்தாள். ஒன்பது வருஷமாக ஒரு கவரைப் பத்திரப்படுத்தி, ஒவ்வொரு மாசமும் விசா பட்டியலைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிற அக்கா! பின்னால் வந்த முஸ்டாங்காரன் ஹாரன் அடித்தான். அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து அவனுக்குப் பழிப்புக் காட்டினார்கள்.

இறங்கினதும் அக்கா வேலைக்காரியாகி விட்டாள். "இதை விற்க எத்தனை நாளாகும்?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

பெரியவர் நேர்மையானவர். "நான் எட்டு மாசமாக அட்டை வைத்திருக்கிறேன், அம்மா" என்றார்.

"ஆச்சு. கிளம்புங்க" என்றாள் அக்கா மச்சானைப் பார்த்து. மச்சான் ஒன்றும் சொல்லவில்லை. அட்டையில் இருந்த போன் நம்பரை மட்டும் குறித்துக் கொண்டார். வருகிற வழியெல்லாம் லீஸ் காரில் ஒரே நிசப்தம்.

திங்கட்கிழமை பத்து மணி. வீட்டில் யாருக்கும் காபி இறங்கவில்லை. பத்தே முக்காலுக்கு மெசேஜ் வந்தது: 'நான் இருக்கேன்.' சாயங்காலம் முகம் தொங்கிப் போய் வந்தார் மச்சான். பக்கத்து சீட் நண்பர் போய் விட்டார். இரண்டு குழந்தைகள், போன வருஷம்தான் வீடு வாங்கியிருந்தார். அன்றிரவு அக்கா அவர்கள் வீட்டுக்கு இட்லியும் மிளகாய்ப் பொடியும் கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். வந்தவள் ரொம்ப நேரம் அந்த வாடகை சோபாவில் உட்கார்ந்திருந்தாள்.

வியாழக்கிழமை, மச்சான் ஆபீஸ் போன பிறகு, "அந்தப் பெரியவர் நம்பரைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்க தம்பி" என்றாள் என்னிடம்.

"அறுபது நாள் சட்டம் என்னக்கா ஆச்சு?"

"எல்லாத்தையும் விக்கறதுக்குத் தோதாவே வெச்சுக்கிட்டு எத்தனை வருஷம்தான் இருக்கிறது? விக்க முடியாததுன்னு ஒண்ணாவது இருக்கட்டும் வீட்ல" என்றாள்.

பேரம் எப்படி நடந்தது என்று கேட்கிறீர்களா? ரங்கநாதன் தெருவில் பயின்ற குரல் அது. பதினாலாயிரத்தில் ஆரம்பித்து, பதினொன்றாயிரத்து ஐநூறில் நின்றது. பெரியவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: உரிந்த ஓரத்தை மாற்றக் கூடாது. அதோடு தான் சேர்த்து வைத்திருந்த அரை ரோல் மர ஸ்டிக்கரையும் இனாமாகக் கொடுத்தார்.

நான் ஊர் திரும்பின பிறகு நவம்பரில் மச்சான் போட்டோ அனுப்பினார். அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கில் கோட்டுக்கு வெளியே அரை மீட்டர் துருத்திக் கொண்டு நிற்கிறது வண்டி. வைப்பரில் ஆபீஸ்காரர்களின் நோட்டீஸ். போதாக்குறைக்குக் குளிர் காலம். மிஷிகனில் பனி உருக ரோட்டில் உப்பு போடுவார்கள். உப்பு பட்டால் பழைய வண்டி துருப்பிடித்து உதிரும். அந்த உப்பு எங்கிருந்து வருகிறது என்கிறீர்கள்? டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே, ஆயிரம் அடிக்குக் கீழே, உப்புச் சுரங்கம் இருக்கிறது. கார் செய்கிற ஊர் மேலே, கார் தின்கிற உப்பு கீழே!

பெரியவர்தான் கை கொடுத்தார். ஏப்ரல் வரை வண்டியைத் தன் வீட்டு ஷெட்டிலேயே நிறுத்திக் கொள்ளச் சொல்லி விட்டார். வாடகை வாங்க மாட்டேன் என்றாராம். பதிலுக்கு அக்கா ஞாயிற்றுக்கிழமை தோறும் தோசை வார்த்துக் கொண்டு போகிறாள். பெரியவருக்கு மிளகாய்ப் பொடி ஒத்துக் கொள்ளவில்லை. தேங்காய்ச் சட்னி பிடித்து விட்டது. பையன் அந்த ஷெட்டில், திரும்பின சீட்டில் உட்கார்ந்து கொண்டுதான் ஹோம்ஒர்க் எழுதுகிறானாம். மேக்கினா பாலத்துக்கு இப்போதிலிருந்தே மூச்சைப் பிடித்துப் பழகுகிறான். இதுவரை நாற்பது செகண்ட்.